சகலையின் கார்டு

போன வியாழக்கிழமை கூரியரில் ஒரு கவர் வந்தது. உள்ளே நாலு பக்கத்துக்குப் பொடி எழுத்தில் நிபந்தனைகள். அதன் நடுவே ஒட்டியிருந்தது ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதில் என் பெயர், தடவினால் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி மேடாக.

கிரெடிட் கார்டு. ஆண்டுக் கட்டணம் கிடையாது. எது வாங்கினாலும் நூற்றுக்கு ஒரு ரூபாய் நமக்கே திரும்பி வரும்.

"இது இன்னாத்துக்குங்க நமக்கு?" என்று கேட்டாள் என் மனைவி எஸ்தர்.

ஆத்திர அவசரத்துக்கு, காலம் மாறுகிறது... என்று அவளிடம் ஏதேதோ சொன்னேன். வாராவாரம் என்னைப் படிக்கிற உங்களிடம் மறைப்பானேன்? பொறாமை. வேறு ஒரு காரணமும் இல்லை.

யார்மேல்? என் சகலை ஜெயசீலன்மேல். எஸ்தரின் தங்கை ரூத்தின் கணவர். என்னைவிட ஆறு வயது சின்னவர். வரிசைப்படி மூத்த மாப்பிள்ளை நான்தான். ஆனால் அவருக்குப் பூந்தமல்லி தாண்டி ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை. அழைத்துப் போக ஏசி பஸ், கேன்டீனில் ஐஸ்கிரீம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், போல்ட் நட்டு செய்கிற இடத்தில் ஸ்டோர்ஸ் உத்தியோகம். ஐஸ்கிரீமை விடுங்கள்... கேன்டீனே கிடையாது.

அந்தக் கம்பெனி ஆட்களுக்கெல்லாம் ஒரு வங்கி இந்தக் கார்டைக் கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அயனம்பாக்கத்தில் மாமனார் வீட்டில், அது கைக்குக் கை சுற்றி வந்தது. மாமனார் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். "கடன் வாங்கறதுக்கு அட்டை வேறயா?" என்றேன் நான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதோடு போயிருக்கும். ஜூன் மாதத்தில் இன்னொரு ஞாயிறு வந்தது.

அன்றும் சர்ச் முடிந்து மாமனார் வீட்டில்தான் சாப்பாடு. என் மகள் ஷீபாவுக்குப் பன்னிரண்டு வயது. பிரியாணி வேகும் முன்னே ஒரு சுற்று வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனவள், நடந்து திரும்பி வந்தாள். வலது கை, வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

ஆட்டோ பிடித்து அண்ணா நகர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். ஜெயசீலன் பின்னாலேயே பைக்கில் வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்கையில் இரண்டு எலும்பும் உடைந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும், உடனே செய்வது நல்லது என்றார் டாக்டர்.

கவுன்டரில் இருந்த பெண் எட்டாயிரம் ரூபாய் டெபாசிட் கேட்டது.

வங்கியில் என்னிடம் பணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வங்கி ஏது? சட்டைப் பையில் முந்நூற்றைம்பது ரூபாய்... காணிக்கை போட்டது போக மிச்சம்.

"நாளைக்குக் காலைல பேங்க் தொறந்ததும் கட்டிடறேன்மா."

"எனக்குப் புரியுது சார்," என்றது அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னது. "டெபாசிட் கட்டினாத்தான் நான் தியேட்டருக்கு எழுத முடியும்."

என் தோளில் ஒரு கை விழுந்தது. "அண்ணே, நீங்க போய் புள்ளைகிட்ட இருங்க. நான் பாத்துக்கறேன்," என்றார் ஜெயசீலன். பர்ஸிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார்.

அந்தப் பெண் அதை ஒரு தட்டையான மெஷினில் வைத்து, மேலே கார்பன் சீட்டை வைத்து, கைப்பிடியைக் கரக் கரக் என்று இழுத்தது. எங்கேயோ போன் செய்து ஒரு நம்பரை வாங்கி எழுதிக்கொண்டது. ஜெயசீலன் கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை.

பத்தடி தள்ளி ஸ்ட்ரெச்சரில் என் மகள் முனகிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் ஒரு தகப்பனுக்கு என்ன தோன்ற வேண்டும்? நன்றி தோன்ற வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. கார்டை நீட்டிய அந்தக் கை என் கையாக இல்லையே என்று எரிந்தது. என் பெண்ணுக்கு ஒன்று என்றால் முன்னால் நிற்க வேண்டியவன் நான்தானே?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, வங்கியில் எடுத்து, மாலையே எட்டாயிரத்தையும் ஜெயசீலன் கையில் கொடுத்துவிட்டேன். "இன்னாண்ணே அவசரம்?" என்றார். எனக்குத்தான் தெரியும் என்ன அவசரம் என்று.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாவுக்கட்டின்மேல் ஏதோ கிறுக்கியிருந்தது. "சித்தப்பா கையெழுத்துப்பா. நான்தான் போடச் சொன்னேன்," என்றாள் ஷீபா. "நீ வேணா கீழ போட்டுக்கோ."

கீழே போட்டேன்.

நாலைந்து வாரம் கழித்து ஜெயசீலன் மேனாம்பேட்டுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய கலர் பென்சில் டப்பா. "அந்த ஆஸ்பத்திரி பில்லுக்கு எம்பது ரூபா திரும்பி வந்துச்சுண்ணே. புள்ளைக்குச் சேர வேண்டியதுதானே? அதான் வாங்கியாந்தேன்."

கணக்கைப் பாருங்கள். நான் கொடுத்தது எட்டாயிரம். அவருக்குச் செலவானது ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. என் மகள் கை உடைந்ததில் அவருக்கு எண்பது ரூபாய் லாபம். சரி, அதையாவது அவர் வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா? மனசுக்குள் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டார் மனிதர். ஷீபா இடது கையால் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சிரித்தேன். தாடை வலித்தது.

அடுத்த வாரமே அப்ளிகேஷன் வாங்கிப் பூர்த்தி செய்து அனுப்பினேன். எஸ்தரிடம் மூச்சு விடவில்லை.

வங்கியிலிருந்து ஓர் ஆள் விசாரணைக்கு வந்தாராம் — நாங்கள் இருவரும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து. மாலையில் வீட்டுக்காரர் ஏகாம்பரம் என்னைக் கேட்டிலேயே மடக்கினார்.

"இன்னா சார், எங்கனா கடன் கிடன் வாங்கிக்கினியா? ஒர்த்தன் வந்து, உன் ஊட்ல டிவி கீதா, பிரிட்ஜ் கீதா, எத்தினி வருசமா குடிகீறன்னு கேட்டுகினு போறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்ல மன்சன், ஊட்ட காலி பண்ணிகினு ஓடற ஆளு இல்லன்னு சொல்லிக்கீறேன். ஓட மாட்டியே?"

எஸ்தர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு ரசத்தோடு சாப்பாடு முடிந்தது.

ஆக, கார்டு வந்துவிட்டது. உபயோகமா என்று கேட்பீர்கள். உட்கார்ந்து யோசித்தேன். அரிசி பருப்பு எடுக்கிற அண்ணாச்சியிடம் கார்டை நீட்ட முடியுமா? பால்காரரிடம்? ஏகாம்பரத்திடம் வாடகைக்கு? ஸ்கூல் பீஸ், பஸ் பாஸ்... எதற்கும் இது செல்லாது. கிறிஸ்துமஸ் துணிமணி, ஒரு குக்கர், ஒரு ஃபேன் என்று எல்லாம் சேர்த்தாலும் வருஷத்துக்கு நாலாயிரம் தேறினால் அதிகம். திரும்பி வரப்போவது நாற்பது ரூபாய்.

அதுவாவது வருமா? சனிக்கிழமை அம்பத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில் பெருமையாக நீட்டினேன். "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேத்துக் குடுக்கணும் சார்," என்றார் கேஷியர். வருவது ஒன்று, போவது இரண்டு. அந்தப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். முழுப் பணத்தையும் கெடுவுக்குள் கட்டாவிட்டால் போடுகிற வட்டியைப் பார்த்தால், எங்கள் மார்க்கெட் வட்டிக்காரர் தர்மப் பிரபு.

என் முடிவு இதுதான். கட்டணம் இல்லை, அதனால் இருந்துவிட்டுப் போகட்டும். நூற்றுக்கு ஒன்று வருகிறதே என்று ஒரு கைக்குட்டை கூட வாங்க மாட்டேன். வாரம் ஆறு நாள் பீரோவில் இருக்கும். வங்கி பூட்டியிருக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் பர்ஸுக்கு வரும்.

இந்த ஞாயிறு முதல் தடவையாக அப்படி வந்தது. மாமனார் வீட்டில் சாப்பிட்டு, கை கழுவப் போன இடத்தில் ஜெயசீலனிடம் எடுத்துக் காட்டினேன். எதேச்சையாகக் காட்டுகிற மாதிரி.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் தெளியவில்லை.

"உங்களுக்கு இன்னாண்ணே, நிம்மதி," என்றார். "எங்க செக்சன்ல அத்தினி பேரும் கோல்டு கார்டு வெச்சிகினு கீறாங்க. என்து மட்டும் சாதா. ஓட்டலுக்குப் போனா எல்லாம் கார்டை எடுத்து டேபிள் மேல வெக்கிறானுங்க. நான் பாத்ரூம் போற மாதிரி எழுந்து பூடறேன். போன மாசம் சேந்த பையனுக்குக் கூட கோல்டு வந்துச்சு. ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கலண்ணே. ரூத்துகிட்ட கூட சொல்லல."

"சீ, வெறும் கலரு அது. அதுக்குப் போய்..." என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

அவர் இந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாகி ஒன்பது வருஷம். என் சகலைமேல் எனக்கு உண்மையாகவே பாசம் வந்தது அன்றைக்குத்தான்.