பக்கத்து இருக்கையில் ஒரு கைப்பை

ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பதுதான் அவளுக்கு வேலை. ஊசி குத்தியதே தெரியாது என்று பேர் வாங்கிய கை. அந்தக் கை ஸ்டியரிங்கைப் பிடித்தது ஐம்பத்து மூன்று வயதில், கணவர் இறந்த எட்டாவது மாதம்.

அவர் வீட்டில் அதிர்ந்து பேசாதவர். காரில் ஏறிவிட்டாலோ, தன்னை மறிப்பதற்கென்றே ஊர் திரண்டு வந்திருப்பதுபோல் கொதிப்பார். சிக்னல் போடாமல் திரும்புகிறவன், பச்சை விழுந்தும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்று ஆளுக்கொரு வசவு வைத்திருந்தார். குறுக்கே மூக்கை நுழைப்பவர்களுக்கு மட்டும் எப்போதும் ஒரே கேள்வி: "ரோடு என்ன, உங்க மாமனார் போட்டதா?"

"விடுங்க, அவனுக்கு என்ன அவசரமோ" என்பாள் அவள். இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டது காரில்தான். அதிலும் பாதி இந்தப் பேச்சு.

வெளிநாட்டில் இருக்கும் மகள் காரை விற்றுவிடச் சொன்னாள். இவளுக்கு மனம் வரவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டாள். சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரே குறைதான்.

"ஹாரன் அடிங்க மேடம். அடிக்கலேன்னா நீங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது."

அவள் அடிக்கவில்லை. எல்லோருக்கும் வழிவிட்டாள். இருபது நிமிஷப் பாதைக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. ஆய்வுக்கூடத்தில் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் இரண்டு நாள் கூடவே வந்தாள். மூன்றாம் நாள், "நான் நடந்தே வந்துடறேன்கா, சீக்கிரம் போயிடலாம்" என்று கழன்றுகொண்டாள். அப்புறம் பக்கத்து இருக்கையில் கைப்பை மட்டும்தான்.

ஒரு மாலை ரவுண்டானாவில் வண்டிகள் சிக்கிக் கிடந்தன. பார்சல் வேன் ஒன்று இடுக்கில் புகுந்து அவள் காரின் பின்பார்வைக் கண்ணாடியை உடைத்தது. அவள் ஜன்னலை இறக்கினாள். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ரோடு என்ன, உங்க மாமனார் போட்டதா?"

வேன்காரர் திகைத்தார். நாற்பது வயதிருக்கும். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க" என்றார், நிஜமாகவே வருத்தத்தோடு.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேட்டீங்களா என்று பக்கத்தில் திரும்பினாள். கைப்பை இருந்தது.

இறுதிச் சடங்கில்கூட அப்படி அழுததில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. வேன்காரர் இறங்கி ஓடி வந்தார்.

"ஐயோ, கண்ணாடிக்குப் போய் அழாதீங்க. நானே மாத்தித் தரேன்."

"கண்ணாடிக்கு இல்ல, தம்பி."

அவர் உடைந்ததை டேப் போட்டு ஒட்டினார். வீட்டு முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்னால் வந்த வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, அவளை முதலில் போகவிட்டார். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்து புதுக் கண்ணாடி மாட்டினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார். அதன்பின் அவரை எங்கும் பார்க்கவில்லை.

வேன் இடித்த அன்று இரவே மகளைக் கூப்பிட்டிருந்தாள். "நீயா திட்டினே? அப்படியே அப்பா மாதிரியா?" என்று மகள் சிரித்தாள். வேன்காரர் சொன்ன பதிலுக்கு வருவதற்குள், "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

கதை பாதியில் நின்றது அவளை உறுத்தியது. மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில், முதலில் வந்த பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியபடி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அவர் கண்களை இறுக மூடியிருந்தார். கல்யாணமே ஆகவில்லை என்ற இடம் வந்ததும் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் அவர்.

"முடிஞ்சுது ஐயா" என்று பஞ்சை வைத்து அழுத்தினாள்.