அம்மா கை வைக்காத காகிதம்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் ஒருமுறையாவது அம்மாவிடம் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். கல்யாணப் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு நீட்டினால் அம்மா உடனே வாங்கமாட்டார். "முழுசா படிச்சிக் காட்டு, அப்புறம் வாங்கிக்கறேன்" என்பார். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, முகூர்த்தம் எல்லாம் முடிந்து, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர்வரை படித்தாக வேண்டும். அவசரத்தில் வந்தவர்கள் சிலர் முகம் சுளித்துக்கொண்டு போனது எனக்குத் தெரியும். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா மாகறலில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பதினேழு வயதில் பெரிய காஞ்சிபுரத்துக்கு வாழ வந்தார். அப்பாவுக்குத் தறி இல்லை. ஒரு முதலாளியின் சாயப்பட்டறையில் கூலி வேலை. வீட்டுக்கு வரும் அப்பாவின் கையைப் பார்த்தே அன்றைக்கு அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று சொல்லிவிடுவேன். நான் சரியாகச் சொன்னால் அப்பாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும். இன்றைக்கும் துணிக்கடையில் அந்த நிறங்களைப் பார்த்தால் எனக்கு அப்பாவின் கைதான் ஞாபகம் வருகிறது.

அம்மா பாவு பிணைக்கப் போவார். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று நெய்து முடிந்ததும், பழைய பாவின் இழை ஒவ்வொன்றையும் புதிய பாவின் இழையோடு சேர்த்துத் திரிக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு உருட்டு. ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கான இழைகள். எங்கள் தெருவில் அம்மா கை பட்ட பாவு அறுந்தது என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அம்மாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அறுபதுகளின் நடுவில் அப்பாவின் பட்டறையில் ஒரு காரியம் நடந்தது. முப்பது வருஷம் அங்கே உழைத்த ஒரு தாத்தாவை நிறுத்தினார்கள். ஓய்வுப் பணம் தருகிறோம் என்று சொல்லி, ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். கையில் கொடுத்ததோ ஒரு வேட்டியும் கொஞ்சம் சில்லறையும். போய்க் கேட்டபோது, எல்லாம் பெற்றுக்கொண்டு தானாகவே விலகியதாக அந்தக் காகிதத்தில் இருந்ததாம். அந்தத் தாத்தா ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்துவிட்டு வந்து, அன்று சாப்பிடவில்லை. "படிச்சிக் காட்டாத காயிதத்துல இந்த ஊட்ல யாரும் கை வெக்கக் கூடாது" என்றார். அப்பா, "நம்மகிட்ட எவன் காயிதம் எடுத்துக்கினு வரப்போறான்?" என்று சிரித்தார்.

அடுத்த வருஷமே கொண்டுவந்தார்கள். சாயம் கொதிக்கும் கொப்பரைமேல் போட்டிருந்த பலகை சறுக்கி அப்பா விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார். அதை இப்போதும் என்னால் விரிவாக எழுத முடியாது.

கருமாதிக்கு முதல்நாள் பட்டறைக் கணக்குப்பிள்ளை ஒரு பை அரிசியோடு வந்தார். கூடவே ஒரு காகிதம், மைப்பெட்டி.

"காரியச் செலவுக்கு மொதலாளி குடுத்தனுப்பிச்சாரும்மா. வாங்கிக்கினதுக்கு அடையாளமா ஒரு கை வை."

"படிச்சிக் காட்டுங்கண்ணா."

"துக்க ஊட்ல படிக்கக் கூடாதும்மா, ஆவாது."

"துக்க ஊட்ல கை மட்டும் வெக்கலாமா?"

அப்படி ஒரு சாத்திரத்தை நாங்கள் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் எட்டாம் வகுப்பு. காகிதத்தை வாங்கக் கை நீட்டியதும் கணக்குப்பிள்ளை அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அரிசிப் பையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காரியத்துக்கு வந்த மாகறல் மாமா, "இங்க இன்னாத்துக்கு ஒண்டியா கஷ்டப்படற? ஊட்டக் காலி பண்ணிக்கினு வந்துடு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் போனால் என் படிப்பு அதோடு முடிந்தது என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அப்பா வேலையில் இறந்ததற்கு நஷ்டஈடு வந்தால் இருப்போம், வராவிட்டால் மாகறல் என்று அம்மா முடிவு செய்தார்.

வழிகாட்டியவர் அப்பாவோடு வேலை பார்த்த தெலுங்குக்கார மாமா. பட்டணத்தில் நஷ்டஈட்டு ஆபீஸ் ஒன்று இருப்பதை அவர்தான் விசாரித்துச் சொன்னார். சாட்சி சொன்னால் தன் வேலை போகும் என்று தெரிந்தே எங்களோடு பஸ் ஏறினார். அங்கே அம்மா மனுவில் பெருவிரலை வைத்தார். வெறும் கறுப்பு வட்டம் விழுந்தது. குமாஸ்தா ஒருவர் எரிந்து விழுந்தார்.

"என்னம்மா, மைய அப்பி வெச்சிருக்க? ரேகையே விழலியே!"

இன்னொரு மனுத் தாளை அம்மாவிடம் நீட்டினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தும் அதே வட்டம். மூன்றாவதும் அப்படியே. அப்போதுதான் அம்மாவின் விரலை நானே முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். சாம்பலும் பட்டும் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி கூழாங்கல்லாட்டம் வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை. "மேல திருப்பி அனுப்பிட்டாங்கன்னா என்னைக் கேக்காத" என்று சொல்லிவிட்டு, குமாஸ்தா ஓரத்தில் ஏதோ எழுதி, மூன்று மனுவையும் கோப்பில் வைத்துக் கட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா விரலைப் பார்த்துக்கொண்டே வந்தார். "பாவு பாவா பிணைச்சதுக்கு எனக்கு இதாம்மா கூலி" என்றார். அம்மா அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏழெட்டு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி பக்கம் கணக்குப்பிள்ளை வந்திருந்தார். அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "ஏம்மா, முழுத் தொகையும் வாங்கிட்டேன், இனிமே பாத்தியதை இல்லேன்னு கைநாட்டு வெச்சிக் குடுத்திருக்க. அப்புறம் எதுக்கு இந்த மனு?" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். அதே காகிதம். மடித்த மடிப்புகூட எனக்கு அடையாளம் தெரிந்தது. அடியில் ஒரு கைநாட்டு இருந்தது.

அம்மா பதறவில்லை. "எம் பொண்ணு படிக்கட்டும் ஐயா" என்றார். படித்தேன். அம்மா காகிதத்தைக் கிட்டத்தில் வாங்கிப் பார்த்தார்.

"ஐயா, இதுல கோடு கோடா எவ்ளோ அழகா வுழுந்துகீது. எங்கையில கோடே கெடையாதே."

அதிகாரிக்குப் புரியவில்லை. அம்மா அவர் மேசைமேல் இருந்த மைப்பெட்டியைக் கேட்காமலே எடுத்தார். ஒரு வெள்ளைத்தாளில் வலது பெருவிரல், பக்கத்தில் இடது பெருவிரல். இரண்டும் கறுப்பு வட்டம். அன்றைக்கு எரிந்து விழுந்த குமாஸ்தா மூலையிலிருந்து எழுந்து வந்து கோப்பைப் பிரித்தார். "ஐயா, அந்தம்மா மொத நாளே மூணு மனு வெச்சாங்க. ஒண்ணுலயும் ரேகை விழல. நானே எழுதி வெச்சிருக்கேன், பாருங்க" என்றார். கணக்குப்பிள்ளை செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காகிதத்தில் இருந்தது யாருடைய விரல் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. தொகை வர மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. பெற்றுக்கொள்ளும் தாளையும் அம்மா படிக்கச் சொன்னார். அதே குமாஸ்தா சிரித்துக்கொண்டே, முத்திரையில் இருந்த எழுத்துவரை படித்துக் காட்டினார். நாங்கள் மாகறல் போகவில்லை. நான் படித்தேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு அரசாங்க ஆபீஸில் வேலை கிடைத்தது. சம்பளத்தில் சேமநிதிக்குப் பிடித்தம் என்று சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "புடிச்சத திருப்பிக் குடுப்பானுங்களா? எங்க, எழுதியிருக்கறதக் காட்டு" என்றார். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது அந்த எரிச்சலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசி நாட்களில் அம்மாவுக்குப் பேச்சு நின்றுபோனது. போர்வை ஓரத்து நூலை மட்டும் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் திரித்துக்கொண்டே இருந்தார். எந்தத் தறியில் யாருடைய பாவோ, பிணைத்து முடித்துவிட்டுத்தான் போனார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சாட்சி சொன்னதற்காக வேலையை இழந்து, ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டாத தெலுங்குக்கார மாமாவின் குடும்பத்தாருக்கு எங்கள் வீடு என்றென்றும் கடமைப்பட்டது. நாங்கள் பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாத அந்தக் குமாஸ்தாவுக்கும், அம்மாவின் கடைசி மாதங்களில் முறைபோட்டு உடனிருந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

இந்தக் கட்டுரையை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன், அம்மாவின் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்துக் காட்டினேன். அச்சகத்தின் பெயரையும் படித்தேன்.