இரண்டாவது சாவி யாரிடம்?

ஹெல்ப்டெஸ்க் வேலையில் இருப்பவனுக்கு நாள் முழுக்க போன் வரும். அதில் ஒன்றுகூட அவனை நலம் விசாரிக்க வந்ததாக இருக்காது. இதே பிழைப்பில் தலையைக் கொடுத்திருக்கும் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிராங்கூன் ரோடு பக்கத்துக் கடைகளும் சின்ன ஆபீஸ்களும் தங்கள் பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு செயலிக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. அதைத் திறக்க, கட்டைவிரல் நீளத்தில் ஒரு சாவி. கணினியில் செருகி விரலால் தொட வேண்டும். தொலைத்துவிடுவோம் என்பதால் ஆளுக்கு இரண்டு: ஒன்று உங்களிடம், மற்றொன்று நீங்கள் நம்பும் ஒருவரிடம்.

இதை ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்த என்னுடைய இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்கின. மேலாளர் பிரியா பார்த்துவிட்டார். "திங்கட்கிழமைக்குள்ள இன்னொண்ண யார்கிட்டயாச்சும் குடுத்துட்டு பேரு சொல்லுங்க. ஆபீஸ் ஆளுங்க வேணாம். இல்லன்னா உங்க அக்சஸ் கட்" என்றார். அக்சஸ் போனால் நான் எந்த வாடிக்கையாளருக்கும் உதவ முடியாது, அதாவது வேலையே போன மாதிரிதான். ஒரே ஒரு பெயர். அதைத் தேடிய வாரத்தில் நடந்தவை இவை.

சந்தனம்

ஆயுத பூசைக்கு மறுநாள் பாத்திரக்கடை கோபால் அண்ணன் கூப்பிட்டார். சாவியைச் செருகினால் கணினி கண்டுகொள்ளவே இல்லையாம். வேறு துளையில் செருகச் சொன்னேன், கணினியை அணைத்துப் போடச் சொன்னேன், எனக்குத் தெரிந்த மந்திரமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

நேரில் போனால், சாவியின் தங்க நிற முனையில் சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. அதன் மேல் அழகாக ஒரு குங்குமப் பொட்டு வேறு. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துச் செருகினேன், திறந்துகொண்டது. "அடுத்த வருஷம் முனையில மட்டும் வைக்காதீங்கண்ணே" என்றேன். அவருக்கு மனசே இல்லை. "ஷட்டர் சாவிக்கு வச்சேன், கல்லாப்பெட்டி சாவிக்கு வச்சேன், இத மட்டும் விட்டா கோவிச்சுக்கும் லா!"

பொங்கோலிலிருந்து சோறு

துணிக்கடை காதர் பாய் தன் சாவியை டாக்ஸியில் விட்டுவிட்டார். அன்றைக்குள் சரக்குக்கு ஆர்டர் அனுப்பியாக வேண்டும். நல்லவேளையாக இரண்டாவது சாவி அவர் மனைவியிடம், பொங்கோல் வீட்டில் இருந்தது. போனில் சொன்னதுதான் தாமதம், அந்த அம்மா ரயிலேறி வந்துவிட்டார். ஒரு கையில் சாவி, மறு கையில் டிபன் கேரியர்.

நான் தொலைந்த சாவியைக் கணக்கிலிருந்து நீக்குவதற்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே பாதிச் சோற்றை முடித்திருந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. எனக்காக ஒரு சாவியைத் தூக்கிக்கொண்டு இத்தனை ஸ்டேஷன் தாண்டி வர யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபடியே மீன்குழம்பைச் சாப்பிட்டேன். உள்ளதைச் சொன்னால், பொறாமையாக இருந்தது. கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார்: "இவரு எதத் தொலைச்சாலும் எங்கிட்ட ஒண்ணு இருக்கும் தம்பி. அந்தத் தைரியத்துலதான் தொலைக்கிறாரு."

இன்னும் லைனில்

சுவா சூ காங்கில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நித்யா போன் செய்தாள். சாவியைத் தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம் என்றாள். விஷயம் இதுதான்: செயலி கேட்பதற்கு முன்னால் பிரௌசர் முந்திக்கொண்டு, தன்னுடைய பெட்டி ஒன்றைத் திரையில் நீட்டுகிறது. அதற்கு 'சரி' சொல்லிவிட்டால் சாவியை யாரும் சீண்டுவதில்லை. அந்தப் பெட்டியை மூடச் சொன்னேன். சாவியில் விளக்கு மினுக்கியது, தொட்டாள், திறந்தது.

அதோடு வைத்திருக்கலாம். போனிலும் ஒருமுறை சோதிக்கலாமா என்றேன். வெளியேறி மறுபடி உள்ளே வரச் சொன்னேன். அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது, யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், தொலைக்காட்சி ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பது சுகமாக இருந்தது. சாவிக்கான ரகசிய பின் நம்பராவது நினைவிருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்: "அண்ணா, எல்லாம் ஓகே ஆயிடுச்சு லா. நீங்க ஏன் இன்னும் லைன்ல இருக்கீங்க?"

பக்கத்து அறை

சனிக்கிழமை என் போனில் இருக்கும் பெயர்களை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். 'பாத்திரக்கடை யுஎஸ்பி', 'கிளினிக் பின் நம்பர் மறந்தவர்', 'கத்தும் வக்கீல்' என்று போனது. மனிதர்களைக் கோளாறுகளின் பெயரில்தான் சேமித்திருக்கிறேன். நண்பன் என்று சொல்லிக்கொள்ள இங்கே ஒருவன் இருந்தான், அவனும் சிட்னிக்குப் போய்விட்டான். அழுகை வரும்போல இருந்தது. பல் தேய்த்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

புக்கிட் பாத்தோக்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், அடுத்த அறையில் ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளி இருக்கிறார். அவருக்கு எப்போதும் இரவு ஷிப்ட். நான் கிளம்பும்போது அவர் கதவு மூடியிருக்கும், நான் திரும்பும்போது செருப்பு இருக்காது. ஆனால் மழை வந்த நாளில், ஜன்னலுக்கு வெளியே கழியில் காயப்போட்ட என் துணியும் கழியோடு உள்ளே வந்திருக்கும். ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை.

ஞாயிறு மத்தியானம் அவர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, விஷயத்தைத் திக்கித் திணறிச் சொல்லி, சாவியை நீட்டினேன். கையைக் கழுவி, லுங்கியில் துடைத்து, வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இத நான் தொலைச்சுட்டா?" என்றார்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா என்னுது தொலைஞ்சா, உங்ககிட்டதான் வந்து நிப்பேன்."

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பத்திரமா வச்சுக்கறேண்ணே. ஆனா, உங்க பேரு என்ன?"

ஊரில் உள்ளவர்களெல்லாம் யார் யார் என்று சரிபார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தும், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற மனிதருக்கு என் பெயரைச் சொல்லி அவர் பெயரைக் கேட்க, ஆபீஸ் கெடு வைக்க வேண்டியிருந்தது.