இடதுகால் லாரி

எங்கள் லாரி ஷெட்டில் அவருக்கு இடதுகால் என்றுதான் பெயர். காலில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு காலும் நன்றாகவே இருந்தன. வாய் அதைவிட நன்றாக இருந்தது. ஷூ கம்பெனிக்கு லாரி ஓட்டினார். வழியில் திருட்டுப் போகாமலிருக்க அந்த முதலாளி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இடதுகால் ஷூ எல்லாம் இவர் லாரியில், வலதுகால் எல்லாம் இன்னொரு லாரியில், வேறு வேறு சாலையில் போகும். இடதுகாலை மட்டும் அடித்துக்கொண்டு போய் எந்தத் திருடன் என்ன செய்வான்? இவர் வண்டியைப் பூட்டாமலே நிம்மதியாகத் தூங்குவார்.

சண்டை வந்ததும் பட்டாளம் முதலில் பிடித்தது லாரிகளைத்தான். பின்னால் ஒருவன் சோறும் தோட்டாவும் ஏற்றிக்கொண்டு வந்தால்தானே முன்னால் இருப்பவன் வீரன்! கம்பெனியையும் எடுத்துக்கொண்டார்கள். கூடவே முதலாளியின் யோசனையையும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர் வைத்தார் மேஜர்.

இவருடைய மைத்துனன் அப்போது எல்லையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான். பழைய ஷூ பிய்ந்துபோய், முள் குத்திக் குத்திப் பாதமெல்லாம் புண். மனைவிக்கு அவன் ஒரே தம்பி.

“ஊருக்கெல்லாம் ஷூ ஏத்துறீங்க. என் தம்பி கால்ல ஒரு ஜோடி மாட்டிவிட உங்களுக்கு வக்கில்ல” என்று தட்டு வைக்கும்போதெல்லாம் சொல்வாள். இவர் பாதிச் சோற்றிலேயே கை கழுவ எழுந்துவிடுவார்.

ஒருவழியாக எல்லைக்கு லோடு கிடைத்தது. இடதுகால் மலைச்சாலையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பாலத்து வழியில் போன வலதுகால் நேராக எதிரியிடம் மாட்டிக்கொண்டது. பாதி வெற்றி என்று மேஜர் மேலிடத்துக்குத் தகவல் அனுப்பினார். எதிரிக்கும் ஷூ பஞ்சம்தான். அங்கே சிலர் வலது ஷூவை இடதுகாலில் மாட்டி நடந்து பார்த்து, மானம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் முன்னேறச் சொல்லி உத்தரவு வந்துகொண்டே இருந்தது. முள்காட்டில் எவன் கால் வைப்பான்? சண்டை அப்படியே படுத்துவிட்டது.

“விடுங்க மாமா, சும்மாதானே உக்காந்திருக்கோம்” என்றான் மைத்துனன்.

“உங்கக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது மாப்ள?” என்றார் இவர்.

மறுநாள் லாரியில் வெள்ளைத் துண்டைக் கட்டி, பாதி இடதுகால்களை ஏற்றிக்கொண்டு பட்டப்பகலில் எதிர்ப்பக்கம் போனார். எதிரியை நாம் ஏமாற்றுகிறோம் என்று இரண்டு பக்கத்து மேஜர்களும் தனித்தனியே நம்பியதால் அனுமதி சுலபமாகக் கிடைத்தது. எதிர்ப்பக்க ஸ்டோர்காரன் கறாரானவன். சைஸுக்குச் சைஸ் ஒத்துப் பார்த்து, ஷூ கயிறு யாருக்கு என்று ஒரு மூச்சு சண்டை போட்ட பிறகுதான் பதிலுக்குப் பாதி வலதுகாலைக் கொடுத்தான். திரும்பி வந்து, மைத்துனன் காலில் தானே மாட்டி, குனிந்து கயிறும் கட்டிவிட்டார். அன்றைக்கு இருந்த சந்தோஷம் தன் கல்யாணத்தில்கூட இல்லை என்று என்னிடமே சொன்னார்.

விடிந்ததும் முன்னேறச் சொல்லி மறுபடியும் உத்தரவு வந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் முன்னேறியது.

எங்கள் தொழிலில் காலி வண்டியோடு திரும்புகிற வழக்கம் கிடையாது. அவருக்கும் ரிட்டன் லோடு ஏற்றிவிட்டார்கள். அதில் மைத்துனனும் இருந்தான், மூச்சில்லாமல்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மனைவி ஓடி வந்தாள். தார்ப்பாயை அவிழ்க்க அவருக்குக் கை வரவில்லை.

“தம்பி ஷூ போட்டுக்கிட்டானா?” என்று கேட்டாள்.

“நான்தான் போட்டுவிட்டேன்” என்றார்.