தானாக நின்ற சார்ஜர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது கட்டிவிட்ட கதை இல்லை. தினமும் கடவுளைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவன் நான். என் கையில் பட்டதையும் என் மூக்கில் ஏறியதையும்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டிகளைச் சோதித்துச் சொல்வது என் வேலை. எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு சூடாகிறது, மழையைத் தாங்குமா, எல்லாம் பார்ப்பேன். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. மின்சாரம் துளி கசிந்தாலும் பெட்டி அந்த நொடியே தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தொட்டவர் கதை முடிந்தது.

அன்று மழை. பட்டப்பகல். என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், தரைக்குக் கீழே கார் நிறுத்தும் இடம். தூணில் ஒரே ஒரு சார்ஜர். அதே போல இன்னும் இருபது வாங்கி மாட்டப் போகிறார்கள். நான் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மகளும் புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருந்தாள். தினமும் அவள் தொடப்போகிற பெட்டி என்பதால் கூடுதல் கவனத்தோடுதான் போனேன்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கூடவே நின்றார்.

"தங்கமான பெட்டி சார். ஒரு பார்வை பாத்துட்டு ஓகே போட்டுக் குடுத்துடுங்க."

கிட்டே போனதும் நாற்றம் முகத்தில் அடித்தது. வாளியில் நாள்கணக்கில் ஊறிய துணியின் நாற்றம். அதற்கடியில் இன்னொன்று... தலைமுடி கருகினாற்போல. இரண்டுக்கும் மேலே பினாயில்.

"எலி ஏதாவது செத்துக் கிடக்கா?"

"சாக்கடை சார். மழைல்ல." சட்டென்று சொன்னார்.

கேபிளின் பிடியை முதலில் புறங்கையால் தொட்டேன். அவர் சிரித்தார்.

"என்ன சார், மாப்பிள்ளை பொண்ணு கையத் தொடற மாதிரி தொடறீங்க?"

"உள்ளங்கையால பிடிச்சு ஷாக் அடிச்சா விரல் மடங்கி இறுக்கிக்கும். நாமளே விட நினைச்சாலும் விடாது. அதான்."

சிரிப்பு நின்றது. போன் வந்ததாகச் சொல்லி மேலே போய்விட்டார். போன் அடிக்கவே இல்லை.

பிடி ஈரமாக இருந்தது. துடைத்தேன். கருவியை எடுத்துக்கொண்டு திரும்பினால் மறுபடி ஈரம். தண்ணீர் இல்லை அது. கொழகொழப்பு. இன்னொருவர் வாயிலிருந்து எடுத்த கரண்டியைப் பிடித்தது போல இருந்தது. வேலை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு கையில் பிடி, மறு கையில் கருவி. பொத்தானை அழுத்தினால் கருவி பொய்யாக ஒரு கசிவை உண்டாக்கும். பெட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டக். நின்றது. பிரமாதம்.

மறுபடி ஓடவிட்டேன். டக். நின்றது.

மறுபடி. டக்...

அப்போதுதான் உறைத்தது. நான் இன்னும் பொத்தானை அழுத்தவே இல்லை.

கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிற பெட்டி, நல்லதுதான் என்று மனதுக்குள் பாஸ் போட்டேன். எங்களைப் போன்றவர்கள் மட்டும் செய்கிற தப்பு இது. நிற்கிறதா என்று பார்ப்போம். எது நிறுத்துகிறது என்று பார்க்க மாட்டோம்.

பெட்டியை மறுபடி ஓடவிட்டுக் கருவியைக் கழற்றினேன். நகக்கண்ணில் ஏதோ ஒட்டியிருந்தது. ஆறிய பாலின் ஆடை போல மெல்லிய படலம். உரித்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

அதில் கைரேகை இருந்தது.

மூலையில் இருந்த குழாய்க்கு ஓடினேன். தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க நாற்றம் கூடியது.

பின்னால் மகளின் குரல்.

"அப்பா, முடிஞ்சுதா? நான் வண்டியப் போட்டுக்கறேன்."

திரும்பினேன். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்றாள். பெட்டியில் பச்சை விளக்கு. உள்ளே உய்ங்ங் என்ற சத்தம். அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

"அம்மாடி, தொடா..."

டக்.

விளக்கு அணைந்தது.

"யாருப்பா என் கையப் பிடிக்கிறது?"

அவள் பக்கத்தில் யாரும் இல்லை.

"ஐயே... கொழகொழன்னு... விடச் சொல்லுப்பா!"

இழுத்துக்கொண்டு மேலே ஓடினேன். மணிக்கட்டில் நான்கு விரல் தடம். அழுக்குச் சோப்பு நுரையில்.

மறுநாள் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய், மெயினை அணைத்து, பெட்டியைத் திறக்கச் சொன்னேன். செயலாளரும் வந்து நின்றார். எலக்ட்ரீஷியன் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு வயரை விரலால் தள்ளிக் காட்டினார்.

"இது தானா நின்னுச்சுன்னா சொல்றீங்க? நிறுத்தற பாகத்தையே கழட்டிட்டு, நேரா வயர முறுக்கி விட்டிருக்காங்க. இதால எப்படிங்க நிக்க முடியும்?"

செயலாளரைப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். மழை வந்தால் அடிக்கடி நிற்கிறதென்று எல்லாரும் சண்டை போட்டார்களாம். அவர்தான் கழற்றச் சொன்னாராம். போன மழைக்காலத்தில், கார் கழுவ வருகிற பெரியவர், யாருடைய கேபிளோ தண்ணீரில் கிடக்கிறதே என்று எடுத்து மாட்டப் போயிருக்கிறார். யாரும் கேட்காமல் செய்த உதவி. மடங்கிய விரல் விடவில்லை. காலையில்தான் பார்த்தார்கள். பிடியிலிருந்து கையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"பினாயில் போட்டு நல்லாக் கழுவிட்டோம் சார். பெயிண்ட் கூட அடிச்சாச்சு. மனசுல வெச்சுக்காதீங்க" என்று கை நீட்டினார். அந்தச் சுத்தமான, உலர்ந்த கையைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது.

பெட்டியைக் கழற்றிப் போடும்வரை நான் நகரவில்லை. அந்தப் பெரியவருக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டேன்.

பிறகு, அங்கே கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். நிறுத்தும் பாகம் இல்லாமல் ஒரு வருடம் ஓடிய பெட்டி. பெரியவருக்குப் பிறகு ஒருவருக்குக்கூட ஷாக் அடித்ததில்லை. எல்லாரும் ஒரே மாதிரிதான் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

"ஈரக் கையோட போனா மட்டும் நின்னுடுது சார். கையில ஒரு நாத்தம் வேற ஒட்டிக்குது... என்ன தேய்ச்சாலும் போகமாட்டேங்குது."