சித்தப்பாவின் பௌர்ணமி

திரைச்சீலையைத் துவைக்கப் போட்டிருந்தேன். எங்கள் அடையாறு வீட்டு ஜன்னல் வழியாக நிலா நேரே முகத்தில் விழுந்தது. தூக்கம் வரவில்லை. சித்தப்பா ஞாபகம் வந்தது.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. பௌர்ணமி வந்தால் சித்தப்பா தூங்கமாட்டார். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். மறுநாள் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசமாட்டார். "அவனுக்கு நிலா ஒத்துக்காது" என்பார் அப்பா. புதிதாகக் கல்யாணமாகி வந்த சித்தி அதைக் கேட்டுப் பயந்துபோனாள்.

"முன்னாடியும் இந்த ஜன்னல்கிட்டதான் படுப்பாரா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமா சித்தி."

அடுத்த பௌர்ணமிக்கு அந்த ஜன்னலில் ஒரு கறுப்புக் கம்பளியைக் கட்டினாள். சித்தப்பா விடியும்வரை குறட்டை விட்டார். வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

"அப்போ நிலா இல்லையா? வெறும் வெளிச்சம்தானா?" என்றேன்.

"தெரியலைடி. அடுத்த மாசமும் பார்ப்போம்" என்றாள் சித்தி.

அடுத்த மாதம் சித்தப்பாவே கம்பளியை அவிழ்த்தார்.

"ஏன், தூங்க வேணாமா?" என்று சித்தி கேட்டாள்.

"நீயும் முழிச்சிருந்தா வேணாம்."

இருவரும் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். காலையில் இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. ஆனாலும் சித்தப்பா காபியை ஆற்றிக்கொண்டே எல்லோரிடமும் பேசிச் சிரித்தார்.

அத்தனை வருஷம் அவரை வாட்டியது தூக்கம் கெட்டதா, தனியாக விழித்திருந்ததா என்று நேற்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.