மாமா இருமினது கேக்கு, தங்கச்சி சத்தம் கேக்கல

வடசேரியில நம்ம ஸ்டுடியோவுல இன்னைக்கு ஒரே கல்யாண வீடியோவை மூணு தடவை எக்ஸ்போர்ட் பண்ணினேன்.

பொண்ணோட அண்ணன் என் கூடப் படிச்சவன். மஸ்கட்ல இருக்கான், கல்யாணத்துக்கு லீவு கிடைக்கல. "இங்க நெட்டு மோசம் மக்கா, சைஸைக் கொறச்சு அனுப்பு"ன்னான். பிட்ரேட்டைக் குறைச்சு, ஆடியோவை மோனோ ஆக்கி அனுப்பினேன்.

உடனே போன். "லேய், பாஸ்டர் சம்மதமான்னு கேக்காரு. தங்கச்சி சொல்லது மட்டும் கேக்கல. சத்தத்தைக் கொன்னுட்டியாடே?"

என் தப்புதான்னு நினைச்சு ஆடியோ பிட்ரேட்டை ஏத்தினேன். பிறகு ஸ்டீரியோவும் ஆக்கினேன். பின்வரிசையில அவன் மாமா இருமினது கணீர்னு கேட்டுது. அவ சத்தம் இல்ல.

"எனக்க தங்கச்சி வாயால சொன்னதை ஒரு தடவை கேக்கணும்டே, அவ்வளவுதான்"னான்.

கடைசியில கேமராவுல எடுத்த ஒரிஜினலையே திறந்து, ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன்.

பாஸ்டர் கேக்காரு. அவ குனிஞ்சு நிக்கா. பக்கத்துல நிக்கிற அம்மா, "சொல்லு மக்களே"ங்காங்க. அவ உதடுகூட அசையல. பாஸ்டர் அடுத்த பக்கத்தைப் புரட்டிட்டாரு.

அவன் இன்னும் லைன்லதான் இருக்கான். "எந்த செட்டிங்கை மாத்தினா சரியாவும்?"னு கேக்கான்.

தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.